தந்தைக்கு இட்ட கதிரை

அத்தியாயம் பன்னிரண்டு

பந்து வலைக்குப் பதிலாகக் கட்டிய கயிற்றைக் கடந்து, பின்வளவின் எல்லையில் பூத்து நின்ற லைலாக் செடிக்குள் விழுந்தது.

“கை இன்னும் பயப்படுது,” என்றாள் சாம்பவி. “தோள் சுகமாயிட்டுது. கைக்குத்தான் அது தெரியேல்லை.”

றொஷினி செடிக்குள் குனிந்து பந்தை எடுத்தாள். பங்குனி மாதத்துக் கரப்பந்து ஆட்டத்தில் வலத் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்த பிள்ளையை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று தொட்டு அவள் பந்தடிக்கும் முறையை அடித்தளத்திலிருந்து மீளக் கட்டி வருகிறாள் சாம்பவி. முழங்கை எப்போது எழவேண்டும், உடம்பின் பாரம் தோளை வருத்தாமல் எவ்வழியாகப் பந்தைச் சேரவேண்டும் என்று ஒவ்வொன்றாய். கோபுரம் பாதி எழுந்திருக்கிறது. இடையில் வேறொரு கை புகுந்தால் முழுதும் சரியும்.

சாம்பவி அவளுக்குச் சித்தி. றொஷினி படிக்கும் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. அங்கே பெண்கள் கரப்பந்து அணியின் பயிற்றுவிப்பாளரும் அவளே. அந்த மூன்றாவது பொறுப்புத்தான் இப்போது அவளைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறது.

பள்ளிகளின் போட்டிச் சங்கம் இவ்வாண்டு ஒரு விதி செய்தது. போட்டிப் பருவம் முடிந்த நாளிலிருந்து ஆவணி கழியும்வரை எந்தப் பயிற்றுவிப்பாளரும் தன் அணிப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கலாகாது. கோடையிலாவது பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கட்டும். வசதியுள்ள பள்ளிகள் ஆண்டு முழுதும் பழக்கி மற்றவற்றை மிதித்துவிடாதிருக்கட்டும். நோக்கம் நல்லது. கூட்டத்தில் அதற்குக் கை உயர்த்தியவர்களுள் சாம்பவியும் ஒருத்தி. றொஷினியின் தோள் அதற்கு மறுவாரம்தான் காயப்பட்டது.

மீறினால் பயிற்றுவிப்பாளர் விலகவேண்டும். பயிற்சி பெற்ற பிள்ளை வரும் பருவம் முழுதும் ஆட முடியாது. றொஷினிக்கு வரும் பருவமே பள்ளியில் கடைசி. பள்ளி முடித்தபின் சேரும் செஜெப் கல்லூரிகளின் அணித் தேர்வாளர்கள் வந்து பார்ப்பதும் அந்தப் பருவத்தைத்தான்.

விதிக்கு ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். பயிற்றுவிப்பாளர் தான் பெற்ற பிள்ளைக்கு எப்போதும் பழக்கலாம்.

“றொஷினி உங்கள் மகள்தானே?” என்று பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர் கிறகரி உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்துக் கேட்டார். “அப்படியானால் உங்களுக்குத் தடையில்லை, சாம்பவி.”

கெபெக்கில் மணமான பெண்களும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பதால், தாய்க்கும் பிள்ளைக்கும் பெயர் வேறுபடுவது அவருக்கு விந்தையாகத் தோன்றவில்லை.

சாம்பவி “ஆம்” என்றாள்.

றொஷினி ஆறு வயதில் தாயை இழந்த குழந்தை. கணவனின் தமையன் சண்முகலிங்கத்தின் ஒரே மகள். அவரோ ரொறன்ரோவுக்கும் ஹலிபாக்ஸுக்கும் ட்ரக் ஓட்டி, வாரத்தில் ஓரிரு நாளே வீடு காண்பவர். தலை வாரியதும் காய்ச்சலுக்கு விழித்திருந்ததும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களுக்குப் போனதும் சாம்பவிதான். நம்மவர் வீடுகளில் தமையன் பிள்ளையை எவரும் பிறர் பிள்ளையென்று சொல்வதில்லை. ஆதலால் அந்த “ஆம்” வாயை விட்டு எளிதாக வந்தது. பிறகு திரும்பிப் போகத்தான் மறுத்தது.

கிறகரி நல்ல மனிதர். பனிக்கால மாலைகளில் பள்ளி வாசலில் காவல் நின்று, கார்களை நோக்கி ஓடும் தமிழ்ப் பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டவர். “அப்பா! அப்பா!” என்று தாமும் கார்களைப் பார்த்துக் கூவி அவர்களைச் சிரிக்கவைப்பார்.

“சித்தி,” என்றாள் றொஷினி, பந்தை இடுப்பில் இடுக்கியபடி. “அண்டைக்கு ஜிம்மில நீங்கள் சொன்னது… அப்பாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“நானும் பக்கத்திலதானே நிண்டனான்.”

“நீ என்ன செய்யிறது, பிள்ளை? அடி. முழங்கையை மேல வை.”

அவள் அடிக்கவில்லை. பின்கதவு திறந்தது. வேட்டியும் சால்வையுமாய், நெற்றி நிறையத் திருநீற்றோடு சண்முகலிங்கம் படியில் வந்து நின்றார்.

“என்ன, கோவிலுக்குப் பந்தோடயோ வாறியள்? முருகனுக்கு வேல் போதும்!”

“அப்பா, உங்கட வேட்டி ஒரு பக்கம் இறங்குது,” என்றாள் மகள்.

“ட்ரக்குக்கு வேட்டி கட்டுறதில்லை, குஞ்சு. பழக்கம் விட்டுப்போச்சு.”

அன்று முருகன் கோவிலில் அவர்களுடைய உபயம். மகளின் தோள் நேரானால் செய்வதாக வேண்டிக்கொண்டு, தந்தை பூசைச் செலவை ஏற்ற நாள். பூசை முடிந்தபின் மண்டபத்தில் விளையாட்டிலும் படிப்பிலும் சிறந்த பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது. இவ்வாண்டு முதல் பெயர் றொஷினியுடையது.

அவருடைய தொலைபேசி ஒலித்தது. கோவில் தலைவர் உருத்திரமூர்த்தியின் குரல் ஸ்பீக்கரில் போடாமலே வளவு முழுதும் கேட்கக்கூடியது. சண்முகலிங்கமோ பெருமைக்காக ஸ்பீக்கரிலும் போட்டார்.

“அண்ணை, ஒரு சந்தோசமான சேதி! பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில விளையாட்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர், கிறகரி, அவரைப் பிரதம விருந்தினரா வரச்சொல்லிக் கேட்டனான். வாறாராம்! பெரிய மாலையாச் சொல்லிப்போட்டன்.”

“மெய்யே!” சண்முகலிங்கம் திரும்பினார். “சாம்பவி, கேட்டீரோ? உம்மட ஆள் வாறாராம். நான் அந்த மனுசனை ஒருநாளும் கண்டதில்லை. இண்டைக்கு இவவின்ர தகப்பன் நான்தான் எண்டு கையைக் குடுத்துக் கதைக்கவேணும்.”

கயிற்றின் அப்பால் நின்ற றொஷினியின் கையிலிருந்து பந்து நழுவிப் புல்லில் உருண்டது.

* * *

உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாம்பவி கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள். வசீகரனுக்கு அன்று மருத்துவமனை ஆய்வுகூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது இதுதான். “அண்ணையிட்டச் சொல்லிப்போடாதையும்.”

“அப்ப கிறகரியிட்டச் சொல்லவோ?”

“ஐயோ, அதுவும் வேண்டாம். பிள்ளையின்ர கடைசி வருசம்.”

“பேசாமல் இருந்தா அத்தான் மேடையில ஏறித் தகப்பன் எண்டு கையைக் குடுப்பார்.”

“வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நில்லுமன்.”

“நான் நிண்டா அவர் ஏறமாட்டாரோ?”

“பேந்து எடுக்கிறன்,” என்றான் வசீகரன். எடுக்கமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும்.

பட்டுச்சேலையின் கொசுவத்தைச் செருகியபடி கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் பருவம் போகும். மறைத்தால் தந்தையை மகளிடமிருந்து விலக்கி நிறுத்தவேண்டும். கதவுகள் இருந்தன, ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் அடிபட நின்றார்.

* * *

கோவிலில் திரை விலகியது. சந்தனக் காப்பில் முருகன் இளநகையோடு நின்றான். தவிலும் நாதசுரமும் எழுந்தன. ஐயர் “உபயகாரர் குடும்பம் முன்னுக்கு வாங்கோ” என்று அழைத்துச் சண்முகலிங்கத்தின் கையில் தேங்காயும் வெற்றிலையும் வைத்த காளாஞ்சித் தட்டைக் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றி மகளிடம் நீட்டினார். அவள் வாங்கும்போது தந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாம்பவி கைகூப்பினாள். சரவணப் பொய்கையில் அறுவர் பாலூட்ட வளர்ந்தவனே, உன்னை எடுத்து அணைத்த உமையவள் அந்த அறுவரையும் விலக்கினாளா? ஆறு மடியையும் தாயின் மடியென்று ஏற்றவன் நீ. ஒருத்தியைப் பார்த்து நீ யாரென்று கேட்டாயா? நான் வளர்த்தேன் என்பது பொய்யாகுமா, ஐயனே?

அவன் நகைத்தவாறே நின்றான். அவனுக்கு ஆறு தாயர். ஆனால் தந்தை ஒருவரே. அந்த நினைவு எங்கிருந்தோ வந்து அவளுடைய வேண்டுதலை நடுவே அறுத்தது.

அவள் மண்டபத்துக்கு ஓடினாள். உருத்திரமூர்த்தி ஒலிபெருக்கியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் சிவப்புத் துணி போர்த்த மூன்று கதிரைகள்.

“மூர்த்தியண்ணை, இந்தமுறை பெற்றோரை மேடைக்குக் கூப்பிடாமல் விட்டா என்ன? பிள்ளையள் மட்டும்…”

“உது என்ன கதை, பிள்ளை? ஒண்டு விருந்தினருக்கு, ஒண்டு பிள்ளைக்கு, ஒண்டு தகப்பனுக்கு. கதிரை போட்டாச்சு. பெத்தவையின்ர கண்ணுக்கு முன்னால போர்க்காட்டி அது என்ன பொன்னாடை? வெறும் படங்குச்சீலை!”

“அத்தானுக்குக் கூச்சம்…”

“ட்ரக்கில மொன்றியல் முழுக்க ஹோர்ண் அடிக்கிற மனுசனுக்கோ கூச்சம்?” அவர் சிரித்தார். “போய் விருந்தினரைக் கவனியுங்கோ. கார் வந்திட்டுதாம்.”

கார் வந்திருக்கவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் சண்முகலிங்கம் ஒருவரே நின்றார். காளாஞ்சித் தேங்காயைக் காரின் பின்னிருக்கையில் பத்திரமாய் வைத்துக்கொண்டிருந்தார்.

வேறு நேரம் கிடைக்காது என்பதை அறிந்து, சாம்பவி சொன்னாள். விதியைச் சொன்னாள். கிறகரி கேட்ட கேள்வியைச் சொன்னாள். தான் சொன்ன மறுமொழியைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போயிற்று.

அவர் கார்க் கதவைச் சாத்தினார். அது சரியாகப் பூட்டவில்லை. மறுபடி சாத்தினார்.

“உம்மட மகள் எண்டு சொன்னீர்,” என்றார். “அது பொய்யெண்டு நான் எந்த வாயால சொல்லுறது, சாம்பவி? அவவுக்குப் பல்லு விழுந்ததைக்கூட நீர் ஃபோனில சொல்லித்தான் நான் கேட்டனான்.”

“அத்தான், நான் உங்களை…”

“விடும். ஒண்டு மட்டும் சொல்லும். நீர் அப்பிடிச் சொல்லேக்க பிள்ளை எங்க நிண்டவ?”

சாம்பவியால் அவரைப் பார்க்க முடியவில்லை. “பக்கத்தில.”

“என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

தோளில் கிடந்த சால்வையை அவர் எடுத்தார். மெதுவாக மடித்தார். மடித்ததை இடுப்பில் சுற்றி முடிந்தார்.

“சரி,” என்றார். “நேரமாகுது. வாரும்.”

எதற்குச் சரி என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் கிறகரியின் கார் வாசலில் திரும்பியது.

* * *

நெற்றியில் சந்தனமும் கழுத்தில் கனத்த ரோசாமாலையுமாய்க் கிறகரி மேடையில் அமர்ந்தார். மாலையின் இதழ்கள் உதிர்ந்து அவருடைய சாம்பல்நிறக் கோட்டில் ஒட்டின. அவர் குழந்தைபோல் மகிழ்ந்திருந்தார். ஒரு கதிரை தள்ளி றொஷினி. இடையிலிருந்த மூன்றாவது கதிரை வெறுமையாக இருந்தது.

சண்முகலிங்கம் மண்டபத்தின் பின்புறம் பந்தி பரிமாறுவோர் நடுவில் காணப்பட்டார். உபயகாரர் வாளி தூக்குவதைக் கண்டு இளைஞர்கள் பதறி வாங்க வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. விருந்தினருக்குத் தண்ணீர் கேட்டபோது மட்டும் வாளியை வைத்துவிட்டுத் தாமே ஒரு குவளையோடு மேடையருகே வந்தார்.

கிறகரி குவளையை வாங்கி, அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார். “மெர்சி! நீங்களும் இந்தக் குடும்பத்தவரா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

மேடைக்குக் கீழே நின்ற சாம்பவி ஓரடி முன்னால் வந்தாள்.

சரக்குக் கிடங்குகளின் வாசல்களில் நின்று கற்ற பிரெஞ்சு சண்முகலிங்கத்தினுடையது. சிறிய சொற்களே அவரிடம் இருந்தன. அவற்றுள், மாமனுக்கும் பெரியப்பனுக்கும் பொதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

“ஒன்கிள்,” என்றார். “இவளுடைய ஒன்கிள்.”

கிறகரி மகிழ்ச்சியோடு தலையசைத்தார். கை நீட்டும் தூரத்தில் இருந்த றொஷினி தந்தையைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் மெல்லச் சிரித்துவிட்டு வாளிக்குத் திரும்பினார்.

ஒலிபெருக்கி முழங்கியது. “இப்ப எங்கட செல்வி றொஷினியின்ர தகப்பனார், இண்டைய உபயகாரர், சண்முகலிங்கம் அண்ணையை மேடைக்கு அழைக்கிறன்!”

கைதட்டல் எழுந்தது. தமிழ் அறியாத கிறகரியும் தட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு கரண்டி மட்டும் உயர்ந்தது.

“கையெல்லாம் பாயாசம், மூர்த்தி! நீ நடத்து!”

“வந்து துடையுங்கோ அண்ணை!”

“வேட்டியும் நனைஞ்சுபோச்சு!”

சபை சிரித்தது. “தகப்பன் வெக்கப்படுறார்!” என்று யாரோ கூவ, இன்னும் சிரித்தது. உருத்திரமூர்த்தி வெறுங்கதிரையைப் பார்த்தார். அவருடைய நிகழ்ச்சியில் கதிரை வெறுமையாய்க் கிடந்ததில்லை.

“அப்ப சாம்பவி ரீச்சர் வாங்கோ! தாய்க்குத் தாயா வளர்த்தவ நீங்கள். வந்து இருங்கோ.”

அவள் தலையசைத்து மறுத்தாள். பின்னாலிருந்து பெண்கள் முதுகில் கைவைத்து அன்போடு தள்ளினார்கள். “போங்கோவன்!” “பிள்ளை தனிய இருக்கு!” படியேறினாள். எல்லாக் கண்களும் அவளை அந்தச் சிவப்புத் துணியை நோக்கி நடத்திச் சென்றன. சண்முகலிங்கத்துக்காக இட்ட கதிரையில் சாம்பவி அமர்ந்தாள்.

கிறகரி அவள் பக்கம் சாய்ந்தார். “ஒரு தாய்க்கு இதைவிடப் பெருமை உண்டா?”

சாம்பவி புன்னகைத்தாள். வேறு எதையும் செய்ய அந்தக் கதிரை இடம் தரவில்லை. கைப்பிடிகள் இருபுறமும் இடுப்பை நெருக்கின. தன் அணிப் பிள்ளைகளுக்கு அவள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு: எதிரிகள் மூலையில் அடைத்தாலும் நகர ஓரடி இடம் இருக்கும், தேடுங்கள் என்று. இன்று தேடினாள். வலப்புறம் கிறகரி. இடப்புறம் பிள்ளை. முன்னால் ஊர்.

பொன்னாடை போர்த்தப்பட்டது. படங்கள் எடுக்கப்பட்டன. “தாயும் மகளும் கிட்ட இருங்கோ,” என்றான் படமெடுத்தவன், நல்லெண்ணத்தோடு.

பிறகு ஒலிவாங்கியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, “ரண்டு சொல்லுக் கதையுங்கோ, அம்மாச்சி,” என்றார் உருத்திரமூர்த்தி.

றொஷினி முதலில் பிரெஞ்சில் கிறகரிக்கு நன்றி சொன்னாள். தெளிவாக, பிழையின்றி. பிறகு தமிழுக்கு வந்தாள்.

“எனக்கு… தமிழில வடிவாக் கதைக்க வராது. சொறி. ஜிம்மில ஒருக்கா நான் கதைக்க வேண்டிய இடத்தில கதைக்கேல்லை.” சாம்பவியைப் பார்த்தாள். “சித்தி எனக்காகச் செய்ததுதான் எல்லாம். கோபிக்காதையுங்கோ, சித்தி.”

“பிள்ளை,” என்றாள் சாம்பவி, உதடு அசையாமல். “வேண்டாம்.”

றொஷினி படிகளில் இறங்கிவிட்டாள். வரிசைகளுக்கு நடுவே, பொன்னாடையின் சரிகை தரையில் இழுபட நடந்தாள். சபை வழிவிட்டது. பின்சுவரோரம் சண்முகலிங்கம் வாளியோடு நின்றார். மகள் வருவதைக் கண்டு வேண்டாமென்று தலையை அசைத்தார். அவள் பொன்னாடையைத் தன் தோளிலிருந்து எடுத்து, பங்குனி முதல் அஞ்சிக் கிடந்த அந்த வலக்கையை உயர்த்தி, அவருடைய வியர்வையில் நனைந்த தோள்களைச் சுற்றிப் போர்த்தாள். கை பயப்படவில்லை.

“அப்பா,” என்றாள்.

ஒலிவாங்கி இன்னும் அவள் பிடியில் இருந்தது. அந்தச் சொல் மண்டபத்தின் நான்கு மூலைப் பெட்டிகளிலிருந்தும் ஒருசேர வந்தது.

“அப்பா, நீங்கள் போய் உங்கட கதிரையில இருங்கோ.”

சபை ஆரவாரித்தது. உருத்திரமூர்த்தி கண்ணைத் துடைத்தார். மேடையில் தட்டுவதற்காகச் சேர்ந்த கிறகரியின் கைகள் மட்டும் நடுவழியில் நின்றன. அந்த மொழியில் அவர் அறிந்த சொல் அது ஒன்றே.

அவர் பின்சுவரைப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டு மகளின் தலையில் கைவைத்திருந்த மனிதரைப் பார்த்தார். பிறகு அருகிலிருந்த பெண்ணிடம் திரும்பினார். முகத்தில் சினம் இல்லை. இருந்திருந்தால் சாம்பவிக்கு எளிதாக இருந்திருக்கும்.

“சாம்பவி,” என்றார் தாழ்ந்த குரலில். “அவர் யார்?”

பின்சுவரிலிருந்து சண்முகலிங்கம் தலையசைத்தார்: இரும், எழும்பாதையும். அவர் பக்கத்தில் றொஷினி அசையாது நின்று பார்த்தாள்.

சாம்பவி எழுந்தாள். கசங்கிய சிவப்புத் துணியைக் கையால் நீவி, கதிரையை ஓரடி முன்னுக்கு நகர்த்தி, வருகிறவருக்கு வசதியாகத் திருப்பி வைத்தாள். பிறகே கிறகரியைப் பார்த்தாள்.

“அவளுடைய தந்தை,” என்றாள். “நான் வளர்த்தவள். பெற்றவள் அல்ல.”

கிறகரி கழுத்திலிருந்த மாலையை இரு கைகளாலும் கழற்றி, இதழ் உதிராமல், இனித் தாம் விருந்தினர் அல்ல என்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டார்.